அத்தியாயம் 5: ஒரு அறைக் காற்றை எத்தனை பேர் சுவாசிக்கலாம்?

2020 ஏப்ரல் 1ஆம் தேதி, திருப்பூர் பல்லடம் சாலையில் இருக்கும் தென்னம்பாளையம் சந்தை வாசலில் ஒரு கூடாரம் போட்டார்கள். காய்கறி வாங்க வந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு சில நொடி அதற்குள் நடந்துபோக வேண்டும். குழாயிலிருந்து கிருமிநாசினி மேலே தூவும். நாட்டிலேயே முதல் கிருமிநாசினிச் சுரங்கம் என்று பத்திரிகைகள் எழுதின. படம் எங்கெங்கோ சுற்றியது, மற்ற ஊர்களும் பார்த்துப் பார்த்துக் கட்டின. அந்த மாதம் 18ஆம் தேதியே மத்திய சுகாதார அமைச்சகம், ஆட்கள் மேல் மருந்து தெளிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. சட்டை மேல் விழுந்த மருந்து நெஞ்சுக்குள் இருக்கும் கொரோனா வைரஸை எட்டாது. கண்ணும் தொண்டையும் எரிந்தால் அதுதான் மிச்சம்.

சுரங்கம் வைத்தவர்களைக் குறைசொல்ல மாட்டேன். அதற்கு நான்கு நாள் முன்பு, மார்ச் 28ஆம் தேதி, உலக சுகாதார நிறுவனமே "இது காற்றில் பரவும் நோய் அல்ல" என்று உறுதியாக அறிவித்திருந்தது. எச்சில் துளி தெறித்து விழும், விழுந்த இடத்தைத் தொட்டால் ஒட்டும் என்பதுதான் அன்றைய பாடம். ஆகவே மேஜையைத் துடைத்தோம், காய்கறியைக் கழுவினோம், வாசலில் மருந்து தெளித்தோம். 2020 ஜூலையில் லிடியா மொராவ்ஸ்கா, டொனால்ட் மில்டன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் எழுதிய முறையீட்டை 239 பேர் ஆதரித்தார்கள். வைரஸ் அறைக் காற்றில் மிதந்தும் பரவுகிறது என்பது அதன் சாரம். உலக சுகாதார நிறுவனம் அதை முழுதாக ஒப்புக்கொள்ள இன்னும் நாளாயிற்று.

இந்தப் பழைய கதையை இங்கே சொல்லக் காரணம் உண்டு. பல்லடம் பக்கத்துக் கம்பெனிகளில் இன்றைக்கும் காய்ச்சல் சீசன் வந்தால் முதலில் வாங்குவது சானிடைசர் கேன்தான். கை கழுவுவது நல்ல பழக்கம், வயிற்றுப்போக்குக்கும் சளிக்கும் அது உதவும். ஆனால் காற்றில் வருவதைக் காற்றில்தான் பிடிக்க வேண்டும்.

துளியும் துகளும்

தும்மும்போதும் இருமும்போதும் வாயிலிருந்து வருவது ஒரே அளவுத் துளி அல்ல. கண்ணுக்குத் தெரிகிற பெரிய துளி சில நொடியில் கீழே விழுந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நூறு மைக்ரான் துளி ஐந்தாறு நொடியில் தரைக்கு வரும். ஐந்து மைக்ரான் துகள், காற்று அசையாத அறையில், முகத்தின் உயரத்திலிருந்து இறங்கச் சுமார் அரைமணி நேரம் ஆகும். ஒரு மைக்ரான் என்றால் பன்னிரண்டு மணி நேரம். வெளியே வந்த துளி வறண்ட காற்றில் நொடியில் சுருங்கி இன்னும் லேசாகிவிடும். வைரஸ் அதிலேயே ஒட்டிக்கொண்டு மிதக்கும்.

இதைப் பார்க்கத் தறிக்குடோனைவிட நல்ல இடம் கிடையாது. காலை ஒன்பது மணிக்குக் கூரை ஓட்டையில் வெயில் கற்றை இறங்கும்போது பஞ்சுத்தூசி அதில் எப்படி அலைகிறது என்று பாருங்கள். விழுவதுபோல் இருக்கும், விழாது. ஆள் நடந்தால் பின்னாலேயே வரும். ஷட்டரைத் திறந்தால் ஒரே திசையில் ஓடும். கண்ணுக்குத் தெரிகிற அந்தத் தூசியைவிட வைரஸ் சுமக்கும் துகள் மிகச் சிறியது. அது இன்னும் நேரம் நிற்கும், இன்னும் தூரம் போகும்.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் லிடியா பூரூயிபா என்பவர் தும்மலை அதிவேகக் கேமராவில் படம் பிடித்தார். தும்மும்போது துளிகளோடு ஈரமான வெப்பக் காற்றும் ஒரு மேகமாகக் கிளம்புகிறது. அது ஏழெட்டு மீட்டர்கூடப் போகலாம் என்று அவர் காட்டினார். ஆறு அடி தள்ளி நின்றால் போதும் என்ற கணக்கு அறைக்குள் ஏன் உதவவில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணத்தை யாரும் கவனிப்பதில்லை. தும்மல் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வரலாம். பேச்சோ நாள் முழுக்க நடக்கிறது. பேசினாலே துகள் வருகிறது, சத்தம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. கலிபோர்னியாவில் 2019இல் இதை அளந்து வெளியிட்டார்கள். தறி ஓடும் இடத்தில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். அங்கே யாரும் பேசுவதில்லை, கத்துகிறார்கள். அதுவும் காதருகே வாயை வைத்து. ஒரு தறிக்காரர் ஆறு எட்டுத் தறியைப் பார்ப்பதால் குடோனில் ஆள் நெருக்கம் குறைவு, அந்த மட்டில் நல்லது. ஆனால் பாவு அறுந்தது என்று சொல்லப் பக்கத்தில் வந்து கத்தும் அந்த அரை நிமிடம், தூரத்தில் நின்று போடும் நாலு தும்மலுக்குச் சமம் என்றே நான் நினைக்கிறேன். கையால் சைகை காட்டும் பழைய தறிக்காரர்களின் வழக்கம் காதுக்கும் நல்லது, நெஞ்சுக்கும் நல்லது.

நம் மாநிலத்துக் கணக்கு

தமிழ்நாடும் ஆந்திரமும் 2020இல் தொற்றுள்ளவர்களோடு பழகியவர்களைத் தேடித்தேடிச் சோதித்தன. உலகத்திலேயே அவ்வளவு பெரிய பட்டியல் அப்போது வேறெங்கும் கிடைக்கவில்லை. ரமணன் லட்சுமிநாராயணன் குழுவினர் இரு மாநில அதிகாரிகளோடு சேர்ந்து அதை ஆராய்ந்து, அந்த ஆண்டே 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 84,965 நோயாளிகள், அவர்களோடு பழகிய 5,75,071 பேர். நோயாளிகளில் 71 சதவீதம் பேரிடமிருந்து, கண்டறிந்த வரை, ஒருவருக்கும் பரவவில்லை. ஒரு சிறு பங்கினரிடமிருந்தே பெரும்பாலான தொற்று போயிருந்தது.

யார் அந்தச் சிறு பங்கு என்று தேடி அலைய வேண்டாம். நெற்றியில் எழுதி ஒட்டியிருக்காது. எந்த இடம் என்று பாருங்கள். வீட்டில் ஒருவருக்கு வந்தால் கூட இருப்பவருக்குப் பரவும் வாய்ப்பு 9 சதவீதம். வீட்டுக்கு வெளியே பொதுவான பழக்கத்தில் 2.6 சதவீதம். ஒரே வண்டியில் ஆறு மணி நேரத்துக்கு மேல் நெருங்கி உட்கார்ந்து போனவர்களுக்கோ 79 சதவீதம்! இந்தக் கடைசிக் கணக்கு 78 பேரை மட்டும் வைத்துப் போட்டது, அதனால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அப்படியே பாதியாகக் குறைத்தாலும் பயமுறுத்தும் எண்தான். கண்ணாடி ஏற்றிய வண்டி, கொஞ்சம் காற்று, நிறைய நேரம், நிறைய ஆள். நம் கம்பெனி வேன் நினைவுக்கு வருகிறதா?

தென்கொரியாவின் சோல் நகரில் ஒரு கால் சென்டரிலும் இதே நடந்தது. 2020 மார்ச்சில் அந்தக் கட்டடத்தின் 11ஆம் மாடியில் வேலை பார்த்த 216 பேரில் 94 பேருக்குத் தொற்று. அவர்களில் அநேகமாக எல்லோரும் மாடியின் ஒரே பக்கத்தில் வரிசையாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள். லிஃப்டையும் வாசலையும் பொதுவாகப் பயன்படுத்திய மற்ற மாடிக்காரர்களில் மிகச் சிலருக்கே வந்தது. கதவுப் பிடியைத் துடைத்திருந்தாலும் அந்த 94 பேர் தப்பித்திருக்க மாட்டார்கள்.

எந்த இடத்தில் கவனம்

பனியன் கம்பெனியில் ஆபத்து அதிகம் செக்கிங் டேபிளில். எதிரும் புதிருமாகப் பெண்கள் உட்கார்ந்து, நூல் வெட்டி, பிசிறு பார்த்து, காலை எட்டரை முதல் ஒன்றரை ஷிப்ட் முடியும் வரை ஒரே இடம், ஒரே முகம். எதிரெதிரே போடாமல் எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிற மாதிரி டேபிளை மாற்றினால் செலவில்லாமல் கொஞ்சம் பயன் கிடைக்கும். வீட்டு மாடியில் பத்துப் பன்னிரண்டு மெஷின் போட்ட பவர் டேபிள் யூனிட்டுகள் அடுத்த கவலை. அங்கே ஜன்னல் பெரும்பாலும் ஒரே சுவரில் இருக்கும், அதையும் பீஸ் கட்டு மறைத்திருக்கும்.

பலரும் எதிர்பாராத இடம் ஏ.சி. அறை. மெர்ச்சண்டைசர் அறை, சாம்பிள் அறை, முதலாளி கேபின். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திருப்பித் தருகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. சிமெண்ட் ஓடு போட்டு இரண்டு பக்கமும் ஜன்னல் திறந்த தையல் ஹாலில் வியர்த்துக் கொட்டும், ஆனால் காற்று நன்றாக இருக்கும். பையருக்கு மாதிரி காட்டுகிற அந்தப் பளபளப்பான அறையில்தான் தொற்று சுலபமாகப் பரவும்.

வடமாநிலத் தொழிலாளர்கள் எட்டுப் பேர், பத்துப் பேர் தங்கும் லைன் வீட்டு அறையை நான் செக்கிங் டேபிளுக்கும் மேலே வைப்பேன். ஷிப்ட் மாறும்போது ஆள் மாறுவார்கள், பாய் மாறாது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலை அடைத்துவிடுவார்கள். ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துத் தந்தால் அது திறந்தே இருக்கும். அங்கே முதலில் செய்ய வேண்டியது அவ்வளவுதான். தங்குபவர்களுக்கு எதைச் சொன்னாலும் ஒடியாவிலோ இந்தியிலோ, அவர்களில் ஒருவரை வைத்தே சொல்லுங்கள். தமிழில் எழுதி ஒட்டிய நோட்டீஸ் சுவருக்குத்தான் பயன்படும்.

வேனில் கண்ணாடியை முழுக்கத் திறக்க வேண்டியதில்லை. முன்னால் ஒரு பக்கமும் பின்னால் மறு பக்கமும் நாலு விரல் திறந்தாலே காற்று குறுக்கே ஓடும். டீக்கடை வாசல் பெஞ்ச், சந்தை, திறந்தவெளி இவற்றைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்று வகுத்தது. நம் கணக்கில் 500 கன அடி. பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்றால் ஆயிரம் கன அடி, அதில் இரண்டு பேர். முப்பதுக்கு இருபது ஹால் என்றால் பன்னிரண்டு பேர். டேப் எடுத்து உங்கள் யூனிட்டை அளந்து பாருங்கள். பல பவர் டேபிள்கள் இதிலேயே தேறாது.

இடம் இருந்தாலும் காற்று மாற வேண்டும். ஒருவருக்கு நொடிக்கு 10 லிட்டர் வெளிக்காற்று என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. மணிக் கணக்கில் 36 கன மீட்டர். இருபத்தைந்து பேர் வேலை பார்த்தால் மணிக்கு 900 கன மீட்டர் காற்று வெளியே போக வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் பெட்டியில் அந்த ஃபேன் மணிக்கு எத்தனை கன மீட்டர் தள்ளும் என்று அச்சடித்திருப்பார்கள். அதை 36ஆல் வகுத்தால் எத்தனை பேருக்கு அந்த ஒரு ஃபேன் தாங்கும் என்று தெரிந்துவிடும். பெட்டியில் போட்ட அளவு முழுதாகக் கிடைக்காது, ஆகவே கொஞ்சம் தாராளமாகவே வாங்குங்கள். சீலிங் ஃபேன் இந்தக் கணக்கில் சேராது. அது காற்றைச் சுழற்றும், மாற்றாது.

நம் ஊரில் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. இறக்கையிலும் வலையிலும் பஞ்சு அப்பிக்கொள்ளும். மூன்று வாரம் விட்டால் ஃபேன் சத்தம் போடும், காற்றைத் தள்ளாது. ஞாயிற்றுக்கிழமை லீவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு பிரஷ் வைத்துச் சுத்தம் செய்தால் போதும்.

காற்று உண்மையிலேயே போகிறதா என்று பார்க்க ஊதுபத்தி கொளுத்தச் சொல்வார்கள். பஞ்சு கிடக்கும் இடத்தில் அந்த வேலையே வேண்டாம். நாற்பதாம் நம்பர் நூலில் ஒரு முழம் எடுத்து ஜன்னலுக்குப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். நூல் உள்ளே சாய்ந்தால் காற்று வருகிறது, வெளியே சாய்ந்தால் போகிறது. நேராகத் தொங்கினால் அந்த ஜன்னல் திறந்திருந்தும் பயனில்லை. வருகிற வழி ஒரு சுவரிலும் போகிற வழி எதிர்ச் சுவரிலும் இருக்க வேண்டும்.

ஃபேனை எந்தச் சுவரில் வைப்பது என்று கேட்டால் கிழக்குச் சுவர் என்பேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று ஆனி ஆடியில் நம் பக்கம் எப்படி அடிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றாலை வைத்தவர்களைக் கேட்டால் தெரியும். மேற்குச் சுவரில் வெளியே தள்ளும் ஃபேனை வைத்தால் அந்த மாதங்களில் அது காற்றோடு மல்லுக்கட்டும். மேற்கே திறந்து கிழக்கே தள்ளினால் காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். புழுதிக்குப் பயந்து மேற்கு ஜன்னலை அடைப்பவர்கள், வலை அடித்துத் திறந்து வைக்கலாம்.

தறிக்குடோன்காரர்கள் இதற்கு மறுப்புச் சொல்வார்கள்: ஈரப்பதம் போனால் நூல் அறும், காற்று அடித்தால் பஞ்சு பறக்கும். நியாயமான பேச்சு. அப்படியானால் ஷிப்ட் மாறும்போது, தறி நிற்கும் அந்தக் கால் மணி நேரம் ஷட்டரை முழுக்கத் தூக்கி விடுங்கள். கூரையில் தானே சுழலும் டர்போ வெண்டிலேட்டர் பொருத்தினால் கரண்ட் செலவு இல்லாமல் சூடும் குறையும்.

இந்த ஊருக்குக் காற்றைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதே இல்லை என்பதுதான் வேடிக்கை. பல்லடம் சுற்றிய கறிக்கோழிப் பண்ணைக்காரர்கள் பக்கத் திரையை எந்த நேரம் ஏற்றுவது, எந்த நேரம் இறக்குவது, அமோனியா வாடை அடித்தால் என்ன செய்வது, ஒரு கொட்டகைக்கு எத்தனை கோழி என்று விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள். வெள்ளைக் கழிச்சல் நுழைந்தால் முதல் போய்விடும் என்ற பயம் அப்படிப் பார்க்க வைக்கிறது. அதே ஊரில் தையல் ஹாலுக்கு எத்தனை ஆள் என்று மெஷின் எண்ணிக்கையை வைத்துத்தான் முடிவு செய்கிறோம்.

பஞ்சு இருமலா, தொற்று இருமலா

"அக்கா, ரெண்டு நாளா இருமறீங்களே, டாக்டரப் பாத்தீங்களா?"

"அது பஞ்சு இருமலுங்க தம்பி. எப்பவும் இருக்கறதுதானுங்க."

இந்தப் பதிலை எல்லா சூப்பர்வைசரும் கேட்டிருப்பார்கள். பஞ்சுத்தூசியால் இருமல் வருவது உண்மை. பஞ்சாலையில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு லீவு முடிந்து திங்கட்கிழமை வந்ததும் நெஞ்சு இறுக்குவது ஒரு தனி நோய். அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆனால் எல்லோரும் எப்போதும் இருமுகிற ஊரில் தொற்று இருமல் தனியாகத் தெரிவதில்லை.

தூசி இருமல் வேலையிடத்தில் கூடும், லீவில் குறையும், காய்ச்சல் இராது. ஒவ்வாமைத் தும்மல் சரமாக வரும், கண்ணும் மூக்கும் அரிக்கும். வைரஸ் என்றால் திடீரென்று தொடங்கும்: காய்ச்சல், உடம்பு வலி, தொண்டை வலி, வீட்டில் இன்னொருவருக்கும் அதே. ஃப்ளூ வந்தவர் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்பத் தொடங்கிவிடுவார், பிறகு ஐந்தாறு நாள் பரப்புவார். அதனால்தான் இருமுகிறவரை மட்டும் பிடித்து வெளியே அனுப்புவது போதாது. இருமாதவரும் மூச்சு விடும் காற்று அது.

இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் எதுவானாலும் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்யுங்கள், இலவசம். காசநோய் வைரஸ் அல்ல, பாக்டீரியா. ஆனால் அதுவும் இதே காற்றுவழியில்தான் வருகிறது. சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்தாய்வு மையம் 1959இல் ஒன்றைக் காட்டியது: சானடோரியத்தில் படுத்துச் சிகிச்சை பெற்றாலும் வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். நோயாளி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக வரவில்லை என்பதும் அந்த ஆய்வுகளில் தெரிந்தது. மருந்து தொடங்கினால் பரவுவது வேகமாகக் குறைந்துவிடும். காசநோய் என்று தெரிந்ததும் ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவது பாவம் மட்டுமல்ல, அடுத்தவர் இருமலை மறைக்கவும் அது வழி செய்துவிடும். காசநோய் உதவி எண் 1800-11-6666.

கர்ச்சீப், மாஸ்க், ஆவி

தும்மல் வந்தால் முழங்கை மடிப்பில் தும்முங்கள். உள்ளங்கையில் தும்மினால் அடுத்த பீஸில் அது ஒட்டும். பஞ்சுக்காகக் காலையில் கட்டிய கர்ச்சீப் மதியத்துக்குள் நனைந்துவிடும், அது தூசியைக் கொஞ்சம் தடுக்கும், வைரஸை அதிகம் தடுக்காது. 2020இல் திருப்பூரே மாஸ்க் தைத்தது. ஒற்றை ஜெர்சித் துணியை முகத்தில் இழுத்து மாட்டினால் கண்ணி விரிந்து ஓட்டை பெரிதாகும் என்பது பனியன்காரர்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? இருமல் உள்ளவர் சர்ஜிகல் மாஸ்க் போட்டாலே அறைக்குள் துகள் போவது குறையும். நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு என்95 நல்லது; தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை உள்ளதை வாங்கி, ஓரத்தில் காற்று கசிகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள்.

ஆவி பிடித்தால் மூக்கடைப்பு லேசாகும், வைரஸ் சாகாது. 2021 மே மாத அலையில் ஊர் ஊராகப் பொது இடத்தில் ஆவி பிடிக்க வைத்தபோது, அப்படிச் செய்ய வேண்டாம் என்று சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியனே கேட்டுக்கொண்டார். நாலு பேர் மூக்கைத் திறந்து ஒரே இடத்தில் இருமினால் வேறென்ன ஆகும்?

இரண்டு நாள் கூலி

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரு விஷயம் கெடுத்துவிடும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்குக் கூலி இல்லை. தீபாவளி போனஸுக்கு முன்னால், ஆர்டர் நெருக்கும் நாளில், வடகிழக்கு மழையோடு ஃப்ளூவும் வரும். அவர் ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

ஈ.எஸ்.ஐ. பதிவு உள்ளவருக்கு, பங்களிப்பு நாட்கள் சரியாக இருந்தால், டாக்டர் சான்றின் பேரில் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும், வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆனால் நோய் தொடங்கிய முதல் இரண்டு நாளுக்குப் பொதுவாக அந்தப் பணம் கிடையாது. வைரஸ் அதிகம் பரவுவதும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான். காண்ட்ராக்டில் வருகிறவருக்கும் சின்னத் தறிக்குடோன் ஆளுக்கும் பல இடங்களில் ஈ.எஸ்.ஐ.யே இல்லை.

முதலாளிகளுக்கு ஒரு வேண்டுகோள்: சானிடைசருக்கும் மருந்து தெளிப்புக்கும் ஒதுக்கிய தொகையை எடுத்து, காய்ச்சல் என்று சொல்லி வீட்டுக்குப் போகிறவருக்கு அந்த முதல் இரண்டு நாள் கூலியைக் கொடுங்கள். ஷிப்ட் தொடங்கும் முன் அதை எல்லோர் முன்னிலையிலும் வாயால் சொல்லியும் விடுங்கள்.